வழி தெரிந்தவர் வாங்கிய வழிகாட்டி

காலை ஒன்பதரை மணிக்கே கொட்டாவிக்கு அன்றைய பொழுது போதும் போதும் என்றாகிவிட்டது.

கொட்டாவி என்பது அவருடைய பெயரல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் விசாரணை அதிகாரியாக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பட்டம். எதிரில் உட்கார்ந்து ஒருவர் பொய் சொல்ல ஆரம்பித்தால் இவருக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். பாதிப் பேர் அதைப் பார்த்தே மனம் விட்டுப்போய் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். வேலையை விட்டு ஆறு வருடமாகத் தனியாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். வேலை மாறியதே தவிர அலுப்பு மாறவில்லை.

கூட இருப்பவர் சகலை. அதாவது மனைவியின் தங்கை புருஷன். முன்னாள் பஸ் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கி எத்தனையோ வருடமாகியும் வாயை மட்டும் இறக்கி வைக்கவில்லை. “ஒரு குடும்பத்துல ரெண்டு மாப்பிள்ளை இருந்தா ஒருத்தர் மூளை, ஒருத்தர் வாய். என்ன, வீட்டுல கேட்டா ரெண்டுமே வேஸ்ட்டும்பாங்க” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்தக் கேஸைக் கொடுத்தது ஒரு டீச்சர். ஒன்றாம் வகுப்பு டீச்சர். முந்தின நாள் சாயங்காலம், சேலை ஓரத்தில் சாக்பீஸ் தூளோடு வந்து உட்கார்ந்து, அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொல்லி முடித்தாள். அவளுடைய அப்பா முப்பத்தோரு வருடம் மருந்துக் கம்பெனி வேன் ஓட்டியவர். இந்த ஊரில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டால்கூட வீடு வந்து சேருவார். இப்போது ரிடையர்டு. பழைய காரை வாரத்துக்கு ஒருமுறை எடுத்தால் அதிகம். அப்படிப்பட்டவர் வீட்டு அலமாரியில், பழைய போர்வைக்கு அடியில், ஒரு காலி அட்டைப் பெட்டி கிடந்ததாம். மேலே ஜிபிஎஸ் படம்.

“வழியெல்லாம் மனப்பாடமா தெரிஞ்ச மனுஷனுக்கு வழி சொல்ற பெட்டி எதுக்கு சார்? அவருக்கே பழக்கமில்லாத எந்த இடத்துக்குப் போறார்?” என்றாள் டீச்சர்.

செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் அப்பா போனை எடுப்பதில்லை. அம்மாவைக் கேட்டால் தூங்கினார் என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரியோ வண்டி வாசலில் இல்லை என்கிறாள். யாரோ ஒருத்தி இருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்பது டீச்சரின் முடிவு. எப்படியிருந்தாலும் இனி அவர்களைத் தனியாக விடுவதாக இல்லை. சனிக்கிழமை வீட்டைப் பார்க்கப் புரோக்கர் வருகிறார். விற்றுவிட்டு இரண்டு பேரையும் தன் ஃப்ளாட்டுக்கே கூட்டிப்போய்விடுவாள். நாலாவது மாடி, பின்பக்க அறை. மனசு கேட்காமல்தான் செய்கிறாள். வாராவாரம் இரண்டு பஸ் மாறி இரண்டு மணி நேரம் வந்து பார்த்துவிட்டு இரண்டு மணி நேரம் திரும்பிப் போய் அவளும் ஓய்ந்துவிட்டாள். சனிக்கிழமைக்குள் உண்மை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்று செவ்வாய்க்கிழமை. கையில் இருந்தது அந்த அட்டைப் பெட்டியும் அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரும்.

*

சீட் கவர், ஹாரன், தரைவிரிப்பு, வாசனை டப்பா என்று காருக்குள் போடுகிற சாமான் எல்லாம் விற்கிற நீளமான, குறுகலான கடை. புது ரப்பர் நாற்றம் ஆளைத் தூக்கியது. கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஒயரின் நுனியைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தார். துப்பறிய வந்திருக்கிறோம் என்று சொன்னால் எவரும் வாயைத் திறக்க மாட்டார்கள், வாங்க வந்திருக்கிறோம் என்றால் மூட மாட்டார்கள் என்பது கொட்டாவியின் அனுபவம். எப்போதாவது ஓட்டுகிற வண்டிக்கு மலிவாக ஒரு ஜிபிஎஸ் வேண்டும் என்றார்.

கடைக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மாதத்துக்கு நாலு தடவை ஓட்டுகிறவருக்குப் பெரிய திரை வீண் செலவு, ஐந்து இஞ்ச் தாராளம். எங்கே நெரிசல் என்று சொல்லும் வசதிக்கெல்லாம் காசைக் கொட்ட வேண்டாம். கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர் மூடி மட்டும் வெயிலில் கழன்று விழாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வரைபடத்தை இலவசமாகப் புதுப்பித்துத் தருவார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அலங்காரம். மனுஷன் நியாயமாகத்தான் பேசினார். கொட்டாவிக்குக் கொட்டாவி வரவில்லை.

“எங்க பெரியப்பா ஒருத்தர்கூட இங்கதான் வாங்கினார். வேன் ஓட்டினவர். வழுக்கை, காதுல முடி” என்று சகலை நூல் விட்டார்.

“அவரா உங்க பெரியப்பா?” கடைக்காரர் ஒயரைக் கீழே போட்டார். “என் உயிரை வாங்கிட்டாரு சார்.”

பிறகு அவரை நிறுத்துவதுதான் கஷ்டமாகிவிட்டது. அந்தப் பெரியவர் முதலில் வாங்கியது இருப்பதிலேயே விலை கூடியது. ஐந்தே நாளில் திருப்பிக் கொண்டுவந்தார். மாற்றிக் கொடுத்தது நடுத்தர விலை. அதுவும் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. எல்லாரும் மலிவாக வாங்கிவிட்டு அப்புறம் நல்லதுக்கு வருவார்கள், இவர் நல்லதில் ஆரம்பித்துக் கீழே இறங்கிக்கொண்டே போனார். என்ன குறை என்று கேட்டால் இரண்டு தடவையும் ஒரே புகார், ரொம்பப் பேசுகிறது என்று. இன்ன தெருவில் திரும்பு, இன்ன ரோட்டில் நுழை என்று பேர் பேராகச் சொல்கிறதாம். பேரே சொல்லாத பெட்டி வேண்டுமாம். அப்படி ஒன்றுதான் இருந்தது, இருப்பதிலேயே மலிவு. அதுவும் ஷோகேஸில் வைத்திருந்த பீஸ், திரையில் குறுக்கே ஒரு கோடு. கோடு விழுந்திருக்கே பரவாயில்லையா என்று கேட்டதற்கு, திரை எப்படி இருந்தால் என்ன என்றாராம்.

“கடையிலயே அரை மணி நேரம் நின்னு, கண்ணை மூடிக்கிட்டு அது சொல்றதையே கேட்டாரு சார். இடது, வலது, நேரா, இடது, வலதுன்னு. வண்டியைக் கொண்டாங்க மாட்டித் தரேன்னேன். மூணு தடவையும் பஸ்லதான் வந்தாரு. நானே மாட்டிக்கறேன்னுட்டாரு.”

சொல்லிக்கொண்டே இழுப்பறையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். அவர் திருப்பிக் கொடுத்த இரண்டாவது பீஸ்தான், ஒரு வாரம் மட்டும் ஓடியது, விலை குறைத்துத் தருகிறேன் என்றார். கொட்டாவி சும்மா வாங்கி ஆன் செய்தார். கடைக்காரருக்குப் பழைய பதிவுகளை அழிக்கிற வழக்கமில்லை. கடைசியாகப் போன இடங்கள் என்று வரிசையாக வந்தன. வீடு. கண் ஆஸ்பத்திரி. சந்தை மைதானம். மறுபடி மைதானம், மறுபடி மைதானம், எல்லாம் ஒரே செவ்வாய்க்கிழமை. சத்தம் முழுசாகக் கூட்டி வைத்திருந்தது.

அவர்கள் வெளியே வந்ததும் சகலை ஆரம்பித்தார். “கேஸ் முடிஞ்சுது. பேசற பொம்பளை வேண்டாம்னு ரெண்டு தடவை திருப்பிக் குடுத்திருக்கார். வீட்டுல ஒண்ணு பேசிட்டிருக்கும்போது வண்டிலயும் ஒண்ணா? மைதானத்துல பேசாத ஒண்ணு காத்துட்டிருக்கும். எனக்கும் அந்த மாடல்ல ஒண்ணு வேணும்.”

கொட்டாவி சிரிக்கவில்லை. நடைபாதை ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

“திரை வேண்டாங்கறார். சத்தம் மட்டும் போதும்ங்கறார். தெருப் பேர் சொன்னாப் பிடிக்கலை, ஏன்னா பலகையைப் பாத்துப் படிக்க முடியலை. கண் ஆஸ்பத்திரி. அந்த ஆளுக்குக் கண்ணு போயிட்டிருக்கு சகலை. காதால கேட்டே கார் ஓட்டப் பாக்கறார்.”

சகலை வண்டியைப் பார்த்து ஓடினார். மணி பத்தே கால். செவ்வாய்க்கிழமை.

*

கொட்டாவியின் கார் பாதி வழியில் மக்கர் பண்ணாமல் போவதே பெரிய காரியம். அன்றைக்கு ஏதோ போய்விட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிற இடம் ஒன்று வந்தது, சைக்கிள்காரர்கள் வந்தார்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி குறுக்கே ஓடினாள். இவற்றையெல்லாம் அந்தக் கிழவர் எதை வைத்துப் பார்ப்பார்? அந்தப் பெட்டி தெரு திரும்பச் சொல்லும், குழந்தை வருகிறது என்று சொல்லுமா? இன்ஷூரன்ஸ் காலத்தில் பார்த்த நசுங்கிய வண்டிகள் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. போதாக்குறைக்குச் சகலை, இடது பக்கம் பார்த்து, வலது பக்கம் பார்த்து என்று கண்டக்டர் குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். பயம் வந்தால் அவருக்கு அந்தக் குரல்தான் வரும்.

சந்தை மைதானம் வாரக் கடைசியில்தான் நிரம்பும். அன்று காலியாகக் கிடந்தது. நடுவில் வரிசையாகப் பெயிண்ட் டப்பாக்கள். அவற்றுக்கு ஊடே ஒரு பழைய நீல நிறக் கார் நெளிந்து நெளிந்து வந்துகொண்டிருந்தது. ஒரு டப்பாவைக்கூட இடிக்கவில்லை. கடைசி டப்பாவைத் தாண்டி, ரிவர்ஸில் வந்து, இரண்டு டப்பாக்களுக்கு நடுவே பொருத்தினாற்போல் நின்றது.

“கண்ணு தெரியாத ஆள் உங்களைவிட நல்லா ஓட்டறாரே சகலை” என்றார் சகலை.

கொட்டாவி ஓடிப்போய் டிரைவர் பக்கக் கதவைத் தட்டினார். கண்ணாடி இறங்கியது. வழுக்கையும் இல்லை, காதில் முடியும் இல்லை. அறுபது வயதுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் ஒரு பெண்மணி, ஸ்டீரியங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்து சீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

கொட்டாவிக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கடைக்கு மூன்று தடவையும் பஸ்ஸில் வந்தார். காதால் கேட்டு ஓட்டத் துணிந்த ஆளாக இருந்தால் கடைக்கும் ஓட்டிக்கொண்டுதானே வந்திருப்பார்? கடைக்காரர் தட்டில் வைத்துக் கொடுத்த துப்பு. இருபத்திரண்டு வருட அனுபவம், மண்ணாங்கட்டி. வயசாகிவிட்டது, வேறென்ன.

யார் அனுப்பியது என்று சொன்னதும் அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. பெரியவர்தான் பேசினார். போன வருடம் கண்ணில் அழுத்தம் என்றார்களாம். நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும், ஓரமெல்லாம் இருட்டு. டாக்டர் சொன்ன அன்றைக்கே அவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். அதற்கப்புறம் ஒரு அடி ஓட்டவில்லை. ஆனால் வண்டி இல்லாமல் அந்த வீட்டில் காலம் தள்ள முடியாது. ஆஸ்பத்திரி ஊரின் ஒரு மூலை, மார்க்கெட் இன்னொரு மூலை. ஓட்ட முடியவில்லை என்று மகளுக்குத் தெரிந்தால் மறுநாளே நாலாவது மாடி. அதனால் மனைவி கற்றுக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயசில். மூன்று வாரத்துக்கு முன்னால் லைசென்ஸே வாங்கிவிட்டாள்.

“நல்ல விஷயம்தானே. இதை ஏன் பொண்ணுகிட்ட மறைக்கணும்?” என்றார் சகலை. “அம்மா ஓட்டறாங்கன்னா வீட்டை விக்கற பேச்சே வராதே.”

பெரியவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கொட்டாவி, கண்ணாடியில் ஒட்டியிருந்த மலிவுப் பெட்டியைப் பார்த்தார். திரையில் குறுக்கே கோடு. அதில் ‘சேமித்த இடங்கள்’ என்றிருந்ததைத் தொட்டார். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு படம் வைத்திருந்தது. வீட்டுக்கு வீட்டுப் படம், ஆஸ்பத்திரிக்குச் சிலுவைக் குறி, மார்க்கெட்டுக்குக் கூடை. கண் தெரியாத மனுஷனுக்கு எதற்குப் படம்?

தெருப் பலகையைப் படிக்க முடியாதவர் அவர் மட்டுமல்ல.

“உங்களுக்குப் படிக்கத் தெரியாதா அம்மா?” என்று கேட்டார். முடிந்தவரை மெதுவாகத்தான் கேட்டார்.

அந்த அம்மா ஸ்டீரியங்கை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சலவைக் கடையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தாராம். துணி ஓரத்தில் போடுகிற குறியை வைத்தே வீடு வீடாகப் பிரித்துவிடுவார், ஒரு கைக்குட்டைகூட மாறியதில்லை. லைசென்ஸ் பரீட்சையிலும் வாயால் கேட்ட கேள்விக்கு வாயால் பதில், சாலைக் குறிகள் அத்தனையும் சரி. எழுத்து மட்டும் பிடிபடவில்லை. சின்ன வயசில் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை, அப்புறம் வெட்கம். பொண்ணு பிறந்து, படித்து, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற டீச்சராகவும் ஆனபிறகு, எந்த வாயால் போய்ச் சொல்வது? கண்ணாடியைக் காணோம், நீயே படி என்று முப்பத்தஞ்சு வருடம் ஓட்டியாகிவிட்டது.

“முதல் ரெண்டு பெட்டியும் தெருப் பேர் சொல்லிச்சு. நான் பலகையைத் தேடித் தேடிப் பாத்துட்டு, திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிடுவேன். இவருக்கும் பலகை தெரியாது. ரெண்டு பேரும் நடுரோட்டுல நின்னு சண்டை போட்டோம்” என்றார். “இது ஒண்ணுதான் இடது வலதுன்னு மட்டும் சொல்லிட்டுச் சும்மா இருக்கு.”

அந்த நேரம் பார்த்துக் கொட்டாவியின் செல்போன் அடித்தது. டீச்சர். ஏதாவது தெரிந்ததா என்று கேட்டாள். மதியத்துக்குள் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிடப் போனார். கொட்டாவி தடுத்தார்.

“அவளை நம்ப வச்சிடுங்க சார். இவருக்கு வெளில ஒருத்தி இருக்கான்னு சொல்லிடுங்க.”

“அடியே!” என்றார் பெரியவர்.

“இருங்க. ரெண்டு நாள் அழுவா, உங்களைத் திட்டுவா, அப்புறம் மறந்துடுவா. ஆனா என்னை இனிமே அவ பாக்கற பார்வை மாறிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

சகலை வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். கொட்டாவி காரின் மேல் சாய்ந்துகொண்டார். கால் வலித்தது. இந்த மாதிரி நேரத்தில் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்றுதான் அவருக்கும் தோன்றும்.

“பொய் சொல்றது எனக்குக் கஷ்டமில்லம்மா. தினம் நாலு சொல்றேன். ஆனா இந்தப் பொய் வீட்டைக் காப்பாத்தாது. அப்பா கெட்டுப் போயிட்டார்னு நம்பினா அந்தப் பொண்ணு சனிக்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டா. நாளைக்கே மூட்டை கட்டுவா. வீடு வேணுமா, மானம் வேணுமா? நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.”

பிறகு அந்த அம்மா சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பெட்டியில் வழி போட்டுக் கொடுங்கள் என்றார். சகலை பின்சீட்டில் ஏறி, அங்கிருந்தே எட்டி எழுத்தைத் தட்டினார். என்ன படம் வைக்கட்டும் என்று கேட்டார். எதை வேண்டுமானாலும் வையுங்கள், ஒரு தடவைதானே என்றார் அந்த அம்மா.

*

நன்றாகத்தான் ஓட்டினார். முப்பதைத் தாண்டவில்லை, ஆனால் தடுமாறவுமில்லை. கொட்டாவியின் காரை மைதானத்திலேயே விட்டுவிட்டு, பின்சீட்டில் சகலைகள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி இடது என்றால் இடது, வலது என்றால் வலது. பெரியவர் மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார்.

மணியடித்து மதியச் சாப்பாட்டுக்கு விட்டிருந்தார்கள். டீச்சரை வெளியே வரச் சொல்லிவிட்டுக் கொட்டாவி சகலையை இழுத்துக்கொண்டு இறங்கி நின்றார். டீச்சர் வேகமாக வந்தாள். முதலில் அப்பாவைத்தான் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, டிரைவர் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“அப்பாவுக்குக் கண்ணு சரியில்ல. நான்தான் ஓட்டறேன்” என்றார் அந்த அம்மா. நிறுத்தாமல் தொடர்ந்தார். “எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஒரு எழுத்துகூடத் தெரியாது. அதுக்குத்தான் இந்தப் பெட்டி.”

டீச்சருக்கு அது காதில் ஏறவே கொஞ்ச நேரம் பிடித்தது.

“என் ரேங்க் கார்டுல எல்லாம் கையெழுத்துப் போட்டீங்களே?”

“வரைஞ்சேன். உங்கப்பா ஒரு தாள்ல எழுதிக் குடுத்தார், அதைப் பாத்துப் பாத்து வரைஞ்சேன். நீ நல்ல மார்க்கா இல்லையான்னு உன் மூஞ்சியைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன்.”

டீச்சர் கார்க் கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பிள்ளைகள் சாப்பாட்டு டப்பா மூடியைத் தட்டுகிற சத்தம். திரும்பி உள்ளே போனாள். அந்த அம்மா கண்ணாடி வழியாக அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் போச்சு என்று பெரியவர் முணுமுணுத்தார். கொட்டாவிக்கும் அப்படித்தான் பட்டது. வேலை மெனக்கெட்டு ஒரு குடும்பத்தைப் பிரித்து வைத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்து நிமிஷத்தில் டீச்சர் திரும்பி வந்தாள். தோளில் பை. மதியத்துக்கு லீவு சொல்லிவிட்டு, வகுப்பைப் பக்கத்து டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். அழுது முகம் கழுவியிருக்கிறாள் என்று தெரிந்தது. பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

“வீட்டுக்குப் போங்கம்மா” என்றாள்.

அந்த அம்மா பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார். விரல் பாதியில் நின்றது. திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“எந்த வீட்டுக்கு?”

“உங்க வீட்டுக்குத்தான்” என்றாள் மகள்.

அந்த அம்மா வீட்டுப் படத்தைத் தொட்டார். பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டரைப் போட்டார், வண்டியை எடுத்தார்.